வெளித்தாழ்ப்பாள்

அரண்மனையின் கிழக்குப் பக்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்த்துக் கட்டிய பகுதிக்கு யாரும் ஒரு பெயர் வைக்கவில்லை. கட்டி முடித்த அன்று என்ன சொன்னார்களோ அதையேதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்: புதுக்கட்டு. சுவரில் பாசி ஏறி, தூண்களில் காரை உதிர்ந்து, ஓடுகளுக்கிடையில் செடி முளைத்த பிறகும் அது புதுக்கட்டுதான்.

அந்தப் பகுதியையும் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடுவது என்று முடிவானபோது நிர்வாகி எழுத்துக்காரியைக் கூப்பிட்டார். அரண்மனை இப்போது அரசாங்கத்தின் காட்சிக்கூடம். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில், பல்லக்குக்குக் கீழே, வாள்கள் வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள்ளே என்று எல்லா இடத்திலும் இருக்கும் விளக்கப் பலகைகளை எழுதுவது அவள்தான். அதனால் காவலாளி முதல் கணக்கர் வரை எல்லோருக்கும் அவள் எழுத்துக்காரி.

"நல்லா கம்பீரமா ஒரு பேரு வைக்கணும் மேடம்," என்றார் நிர்வாகி. "கீழ ஒரு பத்தி விளக்கம். யார் கட்டினாங்க, எதுக்குக் கட்டினாங்க, என்ன விசேஷம். மந்திரி திறந்து வைக்க வர்றார். அதுக்குள்ள பலகை தயாராயிடணும்."

"எதுக்குக் கட்டினாங்கன்னு நமக்குத் தெரியுமா சார்?"

"விருந்தாளிங்க தங்கறதுக்குன்னு சொல்றாங்க. எதுக்கும் சின்னம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. அவங்க குடும்பத்துச் சொத்தா இருந்தது. நாளைக்கு ஒரு மனக்கசப்பு வரக்கூடாது பாருங்க."

எழுத்துக்காரி இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தாள். ஒவ்வொரு சொல்லையும் திருட வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. அந்தக் கண்ணோடுதான் மறுநாள் காலையில் புதுக்கட்டுக்குள் நுழைந்தாள்.

பார்த்தவுடன் பிரமிப்பாகத்தான் இருந்தது. நீண்ட நடை. அதன் ஒரு பக்கம் முற்றத்தைப் பார்த்த வளைவுகள், இன்னொரு பக்கம் வரிசையாக அறைகள். நடையின் மேற்கூரை முழுக்கத் தேக்கு. பலகைக்குப் பலகை பூவேலை. வளைவுகளின் உச்சியில் நிறக்கண்ணாடி பதித்திருந்தார்கள். காலை வெயில் அதன் வழியாக இறங்கித் தரையில் பச்சையும் சிவப்புமாகக் கிடந்தது. இவ்வளவு செலவழித்துக் கட்டிய இடத்தை இத்தனை காலம் ஏன் பூட்டி வைத்தார்கள் என்று நினைத்தபடியே முதல் அறையின் கதவைத் தொட்டாள்.

கனமான கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. உள்ளே போய்க் கதவின் பின்புறத்தைப் பார்த்தாள். அங்கே தாழ்ப்பாள் இல்லை. எப்போதோ இருந்து கழன்று விழுந்திருந்தால் ஆணித் துளையாவது இருக்க வேண்டும். அதுவும் இல்லை. அந்த இடத்தில் மரம் வழவழவென்று இருந்தது. ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலே, கம்பி போட்டுச் சின்னதாக இருந்தது. அடுத்த அறையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. கடைசி அறையில் மட்டும் பூட்டுத் தொங்கியது.

விருந்தாளியை அறைக்குள் விட்டுவிட்டு வெளியே தாழ் போடுகிற ராஜா எந்த ஊரில் இருந்தார்?

அவளுக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

சின்னம்மா புதுக்கட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளில் இருந்தார். அரச குடும்பத்தில் மற்றவர்கள் எல்லாம் செத்தும் கடல் கடந்தும் போய்விட, மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான் என்பது ஊரறிந்த விஷயம். அரசாங்கம் அரண்மனையை எடுத்துக்கொண்டபோது வாரிசுகளுக்கென்று அந்த இரண்டு அறைகளை விட்டுவைத்திருந்தது. எழுபதைத் தொட்ட வயது, நிமிர்ந்த நடை, தோளில் எப்போதும் ஒரு சால்வை. அவர் முற்றத்தைக் கடந்தால் காவலாளி எழுந்து நிற்பான். கடைத்தெருவில் வரிசையில் நிற்பவர்கள் அவருக்கு வழி விடுவார்கள்.

"விருந்தாளிங்க தங்கின இடம்தான்," என்றார் சின்னம்மா. "விருந்தினர் மாளிகைன்னு எழுதிடு. அழகா இருக்கும்."

"கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லையே சின்னம்மா?"

சின்னம்மா சால்வையைச் சரிசெய்துகொண்டார். "காத்துக்கு டமார் டமார்னு அடிச்சுக்கும். அதுக்கு வெளியில வெச்சிருப்பாங்க."

"அப்போ உள்ள இருக்கறவங்க தூங்கறப்போ?"

"அந்தக் காலத்து ஜனங்களுக்கு உன்னை மாதிரி எதுக்கெடுத்தாலும் பயம் கிடையாது."

"கடைசி அறை பூட்டியிருக்கு. சாவி உங்ககிட்ட இருக்குன்னு காவலாளி சொன்னார்."

"பழைய சாமான் கிடக்கு. எலி இருக்கும், போகாத." சின்னம்மாவின் குரல் சட்டென்று மாறியது. "ஏம்மா, உனக்கு எழுதற வேலைதானே கொடுத்தாங்க? துருவற வேலையையும் எப்போ சேர்த்துக் கொடுத்தாங்க?"

எழுத்துக்காரி சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டாள். ஆனால் பிடி கொடுக்காமல் பேசுபவர்களை அவளால் சும்மா விட முடியாது. மறுநாள் மறுபடி போய் அறைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். உள்சுவர்களில் முழங்கால் உயரத்தில் ஒரே மாதிரியான வட்டத் திட்டுகள் இருந்தன. பழைய சுவர் மங்கிய மஞ்சள். திட்டுகள் மட்டும் புதுப் பூச்சு. விரலால் தேய்த்தால் வெள்ளையாக மாவு ஒட்டியது. பழுதுபார்க்கும் வேலை இன்னும் இந்தப் பக்கமே வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

முன்வாசலில் சாரம் கட்டி வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் போய்க் கேட்டாள்.

"அதுவா? சின்னம்மா சொன்னாங்க, நாந்தான் பூசினேன்," என்றார் அவர், ஏதோ பாராட்டுக் கிடைக்கப்போகிறது என்ற முகத்தோடு. "சுவத்துல துருப்பிடிச்சு நீட்டிக்கிட்டிருக்கு, யாராவது இடிச்சுக்குவாங்க, பிடுங்கிட்டுப் பூசிடுன்னாங்க."

"என்ன நீட்டிக்கிட்டிருந்தது?"

"வளையம். இரும்பு வளையம். அடேயப்பா, அந்தக் காலத்து இரும்பு! ஒவ்வொண்ணையும் பிடுங்கறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுபோச்சு."

"சங்கிலி கோக்கற மாதிரியா?"

கொத்தனார் யோசித்தார். "ஆமாங்க, அப்படித்தான்," என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏங்க, ஏதாச்சும் தப்பாயிடுச்சா?"

தரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கட்டிப்போடுவதற்குச் சரியான உயரம் அது.

அன்று பிற்பகல், மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், புதுக்கட்டின் நடுவறையிலிருந்து தேய்ப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. எழுத்துக்காரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தாள். சின்னம்மா தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மெழுகு. அதில் கரியைக் கலந்து குழைத்து, கதவின் உள்பக்கம் அடிப்பகுதியில் விரலால் அப்பிக்கொண்டிருந்தார். அப்பிய இடத்துக்கு மேலே, இன்னும் மெழுகு படாத மரத்தில், கீறல்கள் தெரிந்தன. நீளமான, ஆழமான கீறல்கள், தாழ்ப்பாளைத் தேடிய அவள் கண்ணில் இதுவரை படாதவை. உள்ளே இருந்த ஏதோ ஒரு உயிர் வெளியே வரத் துடித்துப் பிறாண்டியிருந்தது.

எழுத்துக்காரி சத்தமில்லாமல் திரும்பி நடந்தாள்.

வீட்டில் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையை மூடிவிட்டு வந்து, துண்டால் முகத்தைத் துடைத்தபடி அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொம்பளைங்கள அடைச்சு வெச்ச இடம்ங்க அது. எனக்கு நிச்சயமாத் தெரியுது. அந்த அம்மாவுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் பூசி மெழுகறாங்க. நெஜமாவே பூசி மெழுகறாங்க!"

"போன மாசம் நம்ம மாடித் தொட்டியில தண்ணி குறையுதுன்னு எதிர்வீட்டுக்காரரச் சந்தேகப்பட்ட. அவர் பாவம், இன்னும் என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கறார். கடைசியில குழாய் ஒழுகுது."

"அது வேற, இது வேற. வளையம் இருந்திருக்கு. கீறல் இருக்கு. வெளியில தாழ்ப்பாள் இருக்கு. இதுக்கு வேற என்னங்க அர்த்தம்?"

கணவர் துண்டை மடித்தார். "யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாத," என்றார்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னது அவர்தான். அந்த வாரக் கடைசியில் "அரண்மனைக்குள் ரகசியச் சிறை: பெண்களின் நகக்கீறல் இன்னும் கதவில்!" என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. அவள் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலை," என்றார் கணவர். "ஒருத்தர் வந்து புது ஃப்ரேம் மாட்டிப் பார்த்துட்டிருந்தார். சும்மா பேச்சுவாக்கில சொன்னேன். அவர் நிருபர்னு எனக்கு எப்படித் தெரியும்? எழுத்து சின்னதாத் தெரியுதுன்னுதான் வந்தார்."

நிர்வாகி கோபப்படுவார் என்று பயந்துகொண்டே வேலைக்குப் போனாள். அவரோ நாற்காலியைவிட்டு எழுந்து வந்து வரவேற்றார். "பிரமாதம் மேடம்! திறக்கறதுக்கு முன்னாடியே ஜனங்க வாசல்ல நிக்கறாங்க. பேரு கிடைச்சிடுச்சு பாருங்க. சிறைக்கட்டு! கேட்டாலே உடம்பு சிலிர்க்குதில்ல?"

"அது வெறும் என்னோட சந்தேகம் சார். இன்னும் நிச்சயமாகலை."

"கீறல் இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? நீங்க எழுதுங்க. இங்க எத்தனை பேரு கண்ணீர் விட்டாங்களோன்னு ஒரு வரி கட்டாயம் வரணும்."

அவர் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது அவளுக்கு உறுத்தியது. அச்சகத்தில் இருந்தபோதும் அப்படித்தான். ஒரு பக்கம் எந்தத் தடங்கலும் இல்லாமல் கடகடவென்று ஓடினால்தான் அவள் முதலிலிருந்து மறுபடி படிப்பாள்.

அன்று நண்பகலில் முற்றத்தில் கூச்சல் கேட்டது. பத்திரிகை படித்துவிட்டு வந்த கூட்டம் சின்னம்மாவை மறித்துக்கொண்டு நின்றது. அவர் கையில் காய்கறிப் பை. யாரோ ஒரு பெண் விரலை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "எத்தனை பொண்ணுங்கள அடைச்சு வெச்சாங்க உங்க வீட்டு ஆம்பளைங்க? சொல்லுங்க. உங்க தாத்தாவுக்கும் இதுல பங்கு இருக்கா, இல்லையா?"

சின்னம்மா விலகிப் போகப் பார்த்தார். "தாத்தா" என்ற சொல்லைக் கேட்டபோது மட்டும் உதடு துடித்தது. காவலாளி கூட்டத்தை விலக்கிவிட்டான். ஆனால் அன்று அவன் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஆட்டினான். சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டு தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

வளைவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எழுத்துக்காரிக்கு, தப்புச் செய்தவர் முகம் அது இல்லையே என்று தோன்றியது. உடனே, முகத்தை வைத்து யாரை நம்பினோம் என்றும் தோன்றியது.

மறுநாள் சின்னம்மாவே கூப்பிட்டனுப்பினார்.

அவர் கையில் ஒரு சாவி இருந்தது. முன்னே நடந்தார். புதுக்கட்டின் கடைசி அறைக்கு முன்னால் வந்து பூட்டைத் திறந்தார். எழுத்துக்காரி நடையிலேயே நின்றுவிட்டாள். தான் எந்தப் பக்கம் நிற்கிறோம், தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்த நேரத்திலும் பார்த்துக்கொண்டாள்.

"பயப்படாத," என்றார் சின்னம்மா கசப்பாக. "நானே முன்னாடி போறேன்."

உள்ளே எண்ணெய் மணத்தது. எலி இல்லை, குப்பையும் இல்லை. ஒரு பக்கம் பெரிய அடுப்பு. ஒரு ஊருக்கே சமைக்கலாம் போன்ற அடுப்பு. சுவரோரம் வரிசையாகத் தாழ்வான கல்தொட்டிகள். எதிர்ச்சுவர் முழுக்க மர முளைகள். முளைக்கு ஒன்றாகத் தோல் பட்டைகள் தொங்கின. அகலமான பட்டைகள், பித்தளைக் குமிழ்கள் பதித்தவை, பழசாகியும் வெடிக்காமல் எண்ணெய் பளபளப்போடு இருந்தன.

எழுத்துக்காரி ஒன்றைக் கையில் எடுத்தாள். இடுப்புக்குச் சின்னது, மணிக்கட்டுக்குப் பெரியது.

"கழுத்துப்பட்டை," என்றார் சின்னம்மா.

"யார் கழுத்துக்கு?"

"நாய்க்கு."

எழுத்துக்காரி பட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"வேட்டைநாய். ராஜாவுக்கு அதுதான் பைத்தியம். ஊரெல்லாம் மழையில்லாம கஞ்சிக்கு அலைஞ்ச வருஷம் அவர் நாய்க்கு மாளிகை கட்டினார். தேக்குக்கூரை, நிறக்கண்ணாடி, எல்லாம் நாய்க்கு. வெளியில தாழ்ப்பாள் ஏன்னு கேட்டியே. நாய் உள்ள இருந்து தாழ் போட்டுக்குமா?"

"அப்போ ஏன் விருந்தாளின்னு…"

"வெக்கக்கேடு இல்லையா அது? ராஜா குடும்பம் இருந்தப்பவே அப்படித்தான் சொல்லிக்கிட்டாங்களாம். வந்தவங்க கேட்டா விருந்தாளிங்க தங்கற இடம்பாங்களாம். எங்கப்பா சொல்லியிருக்கார்."

இங்கேதான் எழுத்துக்காரியின் காது விடைத்தது. "ராஜா குடும்பம் இருந்தப்போன்னு சொல்றீங்க. நீங்களும் அந்தக் குடும்பம்தானே?"

சின்னம்மா அடுப்பு மேடையில் உட்கார்ந்தார். சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது இல்லாமல் பார்த்தால் தோள்கள் மெலிந்து, ஆளே சின்னதாகத் தெரிந்தார்.

"இது எங்க தாத்தா சமைச்ச அடுப்பு. நாய்ங்களுக்குச் சமைச்ச அடுப்பு. இந்த அறையிலதான் இருந்தார், இங்கேயே செத்தார். நாய்க்காரன்னுதான் அவருக்குப் பேரு. ராஜா குடும்பம் கிளம்பிப் போனப்போ சாவியை எங்கப்பாகிட்ட கொடுத்து, பார்த்துக்கோன்னாங்க. அப்புறம் யாரும் வரலை. ஒருநாள் அரசாங்கத்து அதிகாரி ஜீப்புல வந்தார். நான் அப்போ சின்னப் பொண்ணு, எங்கப்பா காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். நீங்க யாருன்னார். நாங்க அரண்மனையைச் சேர்ந்தவங்கன்னார் எங்கப்பா. ஓ, அரண்மனைக் குடும்பமான்னு அந்த அதிகாரி கைகூப்பினார்."

"உங்கப்பா இல்லைன்னு சொல்லலை."

"ஆமாம்னும் சொல்லலை. மென்னு முழுங்கிட்டார். அவருக்கு யாரும் அதுவரைக்கும் கைகூப்பினதில்லைம்மா." சின்னம்மா சால்வையின் ஓரத்தைச் சுருட்டினார். "அடுத்த நாள்ல இருந்து தெருவில எல்லாரும் கைகூப்பினாங்க. எங்களைத் தெரிஞ்ச பழைய ஆளுங்க அப்போ யாரும் மிச்சமில்லை. எனக்குக் கல்யாணம் ஆனதும் அதை நம்பித்தான். என் வீட்டுக்காரர் சாகற வரைக்கும் ராஜா வீட்டுப் பொண்ணைக் கட்டினோம்னு பெருமையா இருந்தார். நான் எப்படிச் சொல்வேன்?"

எழுத்துக்காரி பட்டையைத் திரும்ப முளையில் மாட்டினாள். அழுகிற குரலைக் கேட்டால் இளகிவிடும் மனசுதான் அவளுக்கும். ஆனால் இந்த அம்மா ஏற்கெனவே காற்று என்றார், எலி என்றார். "நான் கதவைப் பார்க்கணும்," என்றாள்.

இருவருமாக நடுவறைக்குப் போனார்கள். எழுத்துக்காரி மண்டியிட்டு, கரி கலந்த மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அடியில் கீறல்கள் வந்தன. தன் விரல்களை அவற்றின்மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. விரல்களை எவ்வளவு நெருக்கி வைத்தாலும் கோடுகள் அதைவிட நெருக்கமாக இருந்தன. அவளுடைய முழங்கால் உயரத்துக்கு மேலே ஒரு கீறல்கூட இல்லை. எழுந்து நின்று பிறாண்டக்கூடிய மனுஷி ஏன் தரையோடு தரையாகவே பிறாண்ட வேண்டும்? அப்புறம் தரையைப் பார்த்தாள். ஒரு மூலையை நோக்கி வாட்டம் விட்டிருந்தார்கள். மூலையில் கழுவிய தண்ணீர் வெளியேற ஒரு துளை. இத்தனை நாள் அதன்மேல்தான் நடந்துகொண்டிருந்தாள்.

"வளையத்தைப் பிடுங்காம இருந்திருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேன்," என்றாள் மெதுவாக. "நீங்க மறைக்க மறைக்கத்தான் எனக்கு வேற மாதிரி தோணிப்போச்சு."

"நாய் இருந்த இடம்னு தெரிஞ்சா, நாய பார்த்துக்கிட்டது யாருன்னு அடுத்த கேள்வி வருமே. நீதான் கேட்டிருப்ப." சின்னம்மா அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "நேத்து அந்தப் பொண்ணு எங்க தாத்தாவைக் கேட்டா பாரு, அதைத்தான் தாங்க முடியலை. அவர் ஒரு நாயைக்கூட அடிச்சதில்லையாம். ஒண்ணு பண்ணு. நாய்க்குக் கட்டினதுன்னு எழுதிடு. எங்களைப் பத்தி மட்டும் எழுதாத."

எழுத்துக்காரி சரி என்றாள்.

நிர்வாகி அவள் எழுதிக் கொடுத்ததைப் படித்தார். முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"நாயா?"

"வேட்டைநாய் சார்."

"எந்த நாயா இருந்தா என்ன? நாய் இருந்த இடத்தைப் பார்க்க ஜனங்க டிக்கெட் வாங்கிட்டு வருவாங்களா? சிறைன்னா வருவாங்க. வந்துட்டிருக்காங்க. போன வாரம் நீங்கதானே சிறைன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"இந்த வாரம் யாரு வந்து திருத்தினாங்க?"

அவள் தரை வாட்டத்தைச் சொன்னாள், கீறலைச் சொன்னாள். யார் சொன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை. நிர்வாகி நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் மற்றவர்களைப் பார்க்கும் பார்வை அது. அதற்குள் மாட்டிக்கொண்டால் எப்படிக் கூசும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"நேத்து சின்னம்மாவும் நீங்களும் ரொம்ப நேரம் உள்ள இருந்தீங்களாம், காவலாளி சொன்னான். குடும்ப மானத்தைக் காப்பாத்திக் கொடுங்கன்னு கேட்டாங்களா? எனக்கு என்னமோ அப்படித்தான் படுது மேடம். பலகையில சிறைன்னே போடுங்க."

"என்னால முடியாது சார்."

"அப்போ வேற ஆளை வெச்சு எழுதிக்கறேன்."

அவர் மணியை அழுத்தக் கையைக் கொண்டுபோனபோது கதவு திறந்தது. சின்னம்மா உள்ளே வந்தார். தோளில் சால்வை இல்லை. முழங்கையில் வளையல் அடுக்கியதுபோலக் கழுத்துப்பட்டைகள். அவற்றை நிர்வாகியின் மேஜைமேல் வைத்தார். பித்தளைக் குமிழ்கள் கண்ணாடிமேல் பட்டுக் கலகலத்தன.

"இதெல்லாம் என்ன சின்னம்மா?" என்று நிர்வாகி எழுந்தே நின்றுவிட்டார், பழக்கத்தில்.

"உட்காருங்க. நான் ராஜா வீட்டுப் பொண்ணு இல்ல. அந்தக் கட்டுல நாய்ங்களுக்குக் கஞ்சி காய்ச்சினவரோட பேத்தி. அவளை விட்டுடுங்க. அவகிட்ட சொல்லாதன்னு சொன்னது நாந்தான்."

நிர்வாகி உட்கார மறந்துபோனார். பட்டைகளைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார், எழுத்துக்காரியைப் பார்த்தார். "அப்போ அந்த ரெண்டு ரூம்…" என்று ஆரம்பித்துவிட்டு, என்ன நினைத்தாரோ, நிறுத்திக்கொண்டார்.

"அதை நீங்க யார்கிட்ட கேக்கணுமோ கேட்டுக்குங்க," என்றார் சின்னம்மா. "பலகையில எங்க தாத்தாவையும் எழுதச் சொல்லுங்க. இனிமே என்ன இருக்கு?"

அறைகள் விஷயத்தை நிர்வாகி மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். வயதான ஒருத்தியைத் தெருவில் நிறுத்தினார்கள் என்ற பெயர் தனக்கு வேண்டாம் என்று மேலிடத்தில் ஒவ்வொருவரும் அதை அடுத்தவர் மேஜைக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். சின்னம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

பெயர் விஷயத்தில் நிர்வாகி கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 'அரச வேட்டைத் துணைவர் மாளிகை' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். துணைவர் என்றால் யார் என்று மந்திரி கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று எழுத்துக்காரி கேட்டாள். அதன் பிறகுதான் 'வேட்டைநாய்க் கட்டு' என்று முடிவானது. விளக்கத்தில் பஞ்சம் என்ற சொல் வரக்கூடாது என்று அடித்துவிட்டார். அவள் அந்த இடத்தில் 'இது கட்டப்பட்ட ஆண்டில் மழை பொய்த்திருந்தது' என்று எழுதிக் கொடுத்தாள். வானிலைதானே என்று அவர் விட்டுவிட்டார்.

மந்திரி வந்தார், ரிப்பன் வெட்டினார், தம் வீட்டு நாயைப் பற்றி வெகுநேரம் பேசிவிட்டுப் போனார். சிறையைப் பார்க்க வந்த கூட்டம் கொஞ்சம் ஏமாந்தது. ஆனாலும் நாய்க்குத் தேக்குக்கூரை போட்டிருக்கிறது என்ற செய்தி எப்படியோ பரவி, அதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் திட்டிக்கொண்டே பார்த்தார்கள். காவலாளி இப்போது சின்னம்மாவுக்கு எழுந்து நிற்பதில்லை. கடைத்தெருவிலும் அவர் வரிசையில்தான் நிற்கிறார். முதல் சில நாட்கள் முகம் கொடுத்துப் பேசாத சிலர் உண்டு. பெருக்கித் துடைக்க வரும் பெண்கள் மட்டும், அதுவரை அவர் வாசலுக்குத் தள்ளியே நின்றவர்கள், சாப்பாட்டு நேரத்தில் அவரோடு வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள்.

திறப்பு விழா முடிந்த மறுவாரம் சின்னம்மா பலகைக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெதுவாகப் படித்தார். பக்கத்தில் நின்ற எழுத்துக்காரிக்கு, தேர்வு எழுதிவிட்டு நிற்பதுபோல இருந்தது.

"'இங்கிருந்த நாய்களைப் பராமரித்தவர்,'" என்று ஒரு வரியைச் சத்தமாகப் படித்தார். "பராமரிக்கறதுன்னா என்ன? கொத்தனார் பண்றாரே, அதுவா?"

"பார்த்துக்கறதுன்னு அர்த்தம்."

"சுவத்தைப் பராமரிக்கலாம். நாய வளர்க்கணும். எங்க தாத்தா வளர்த்தார்."

எழுத்துக்காரி பலகையைப் பார்த்தாள். உலோகத்தில் வெட்டிய எழுத்து, அழிக்க முடியாது. இத்தனை வருஷம் அடுத்தவர்கள் எழுத்தில் பிழை பிடித்தவள். இதை எப்படித் தவறவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

"பலகையைக் கழட்டணும். நிர்வாகி குதிப்பார்."

"குதிக்கட்டும்," என்றார் சின்னம்மா.

எழுத்துக்காரி கொத்தனாரைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்து, தாள் கிடைக்காமல் உள்ளங்கையிலேயே அந்த வரியைத் திருத்தி எழுதினாள்.